ஒரு 'டிக்' போதாது!

மாணவர்களே, கிளேபாங் கடைகளுக்குப் பொருள் கொண்டுவரும் வேன்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநரின் உதவியாளர் அடிக்கடி இறங்கி ஏறுவார். அவசரத்தில் கதவை இலேசாகச் சாத்துவார். கதவு மூடியதுபோலத் தெரியும். உண்மையில் மூடியிருக்காது.

கதவிலுள்ள சுழல் கொக்கி, வாகனச் சட்டத்திலுள்ள எஃகுக் கம்பியைப் பற்றுகிறது. இதுவே தாழ்ப்பாள். முதல் 'டிக்' பாதிப் பிடி. இரண்டாவது 'டிக்' முழுப் பிடி. ஐக்கிய நாடுகளின் 11ஆம் வாகன விதியின் ஒரு சோதனையில், முழுப் பிடி 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். பாதிப் பிடி 4,500 நியூட்டனைத் தாங்கினால் போதும்.

பூட்டுப் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடுமா? ஆகாது. பூட்டு, கைப்பிடியை மட்டுமே செயலிழக்கச் செய்கிறது. விசையைத் தாங்குவது தாழ்ப்பாள்தான்.

வேன் வலப்பக்கம் திரும்பும்போது, உதவியாளரின் உடல் நேராகவே செல்ல முயலும். இடக் கதவில் சாயும். படிவம் 4 இயற்பியலில் வரும் 'இனெர்சியா', அதாவது நிலைமம், இதுதான். பாதிப் பிடியில் கதவு, இருக்கை வாரும் இல்லை. அந்நேரம் விபத்து நேர்ந்தால், அவர் சாலையில் வீசப்படலாம்.

செய்து பாருங்கள்: நிற்கும் காரின் கதவைப் பெரியவர் துணையோடு மெல்லச் சாத்துங்கள். எத்தனை 'டிக்' கேட்கிறது?