கோப்புகளைச் சுருக்கும் ஜீஸிப் கட்டளை

கோப்புகளில் ஒரே சொற்றொடர் பலமுறை வருதல் இயல்பு. மீண்டும் வரும் பகுதியை முழுமையாக எழுதாது, அது முன்னர் வந்த இடத்தையும் அதன் நீளத்தையும் மட்டும் குறித்தால் இடம் மிச்சமாகும். இம்முறையை ஸிவ், லெம்பல் என்னும் அறிஞர்கள் 1977-இல் வெளியிட்டனர். அடிக்கடி வரும் குறிகளுக்குக் குறுகிய குறியீடு அளிக்கும் முறையை ஹஃப்மன் 1952-இல் வெளியிட்டிருந்தார். இவ்விரண்டையும் இணைத்து இயங்குவதே ஜீஸிப். இதனைக் கெய்லி, ஆட்லர் இருவரும் ஆக்கி 1992-இல் வெளியிட்டனர்.

கட்டளையின் பெயரை அடுத்துக் கோப்பின் பெயரைத் தட்டினால் சுருங்கிய கோப்பு உண்டாகும். உடனே மூலக் கோப்பு நீக்கப்படும். பயில்வோர் இதனை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். மூலமும் வேண்டுமாயின், இரு சிறு கோடுகளை அடுத்துக் 'கீப்' என்னும் ஆங்கிலச் சொல்லை இடுதல் வேண்டும். அவ்வாறே 'டீகம்ப்ரஸ்' என இட்டால் சுருங்கிய கோப்பு விரியும்.

ஒரு சிறு கோட்டை அடுத்து 1 முதல் 9 வரை ஓர் எண்ணை இடலாம். 1 விரைவு மிக்கது. 9 சுருக்கம் மிக்கது, ஆயினும் காலம் மிகுதியாகக் கொள்வது. எண் இடாவிடின் 6 எனக் கொள்ளப்படும். முன்னரே சுருக்கப்பெற்ற ஜேபெக் படங்கள் இதனால் பெரிதும் சுருங்கா.

சுருங்கிய கோப்பின் இறுதியில், மூலத்தினின்று கணக்கிட்ட சரிபார்ப்பெண் ஒன்று பதிவாகும். 'டெஸ்ட்' என்னும் சொல்லை இட்டால், கட்டளை அவ்வெண்ணை மீண்டும் கணக்கிட்டு ஒப்புநோக்கும்; பழுது இருப்பின் அறிவிக்கும். ஆதலின், அரிய தரவுகளைக் காப்போர் மூலத்தை வைத்துக்கொண்டே சுருக்கி, சோதித்து, அதன் பின்னரே மூலத்தை நீக்குதல் நலம்.