சிந்திய தேநீர்

இல்லத்தில் நேரும் இடர்களுள் சில நொடிப்பொழுதில் நிகழ்வன. அவற்றைத் தடுத்தற்குரிய காலமும் நொடிப்பொழுதே ஆகும். மடிக்கணினியின் விசைப்பலகைமீது தேநீர் சிந்துதல் அத்தகையதோர் இடராகும்.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் மேல்நிலைப்பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதன்பின் எளியோர் இல்லங்கள் பலவற்றிலும் அக்கருவி இடம் பெற்றது. அத்தகைய இல்லம் ஒன்றில், கல்லூரியிற் பயின்ற தமக்கை ஒருத்தி ஆறு திங்கள் உழைத்து எழுதிய ஆய்வுரையைத் தன் மடிக்கணினியில் வைத்திருந்தாள். ஒருநாள் மாலை அவள் தம்பி தேநீர்க் குவளையுடன் அதன்முன் அமர்ந்தான். கை தவறிற்று; குவளை கவிழ்ந்தது. தமக்கை சினப்பாள் என அஞ்சிய அவன், மேலே இருந்த ஈரத்தை மட்டும் துடைத்து, கணினியை மூடி வைத்து, ஒன்றும் அறியாதவன் போல இருந்துவிட்டான். மின்னிணைப்பு இரவு முழுவதும் நீடித்தது. மறுநாட் காலையில் கணினி இயங்கவில்லை.

இதன் காரணம் யாது? தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் குடிநீரிலும் தேநீரிலும் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தை நன்கு கடத்துவன. மடிக்கணினியில் விசைப்பலகையின் கீழேயே நுண்ணிய செம்புப் பாதைகள் நிறைந்த மின்சுற்றுப் பலகை அமைந்திருக்கும். கசிந்த நீர் இரு பாதைகளை இணைப்பின் மின்சாரம் செல்லத் தகாத வழியிற் சென்று உறுப்புகளைக் கெடுக்கும். ஈரமும் மின்சாரமும் கூடி நிற்குமாயின் செம்பு விரைவில் அரிக்கப்படும். தேநீரிலுள்ள பாலும் சருக்கரையும் உலர்ந்தபின்னும் பிசுபிசுப்பாய்த் தங்கி ஊறு செய்யும். ஆதலின் முதற்பகை நீரன்று. ஈரத்தோடு கூடிய மின்சாரமே.

எனவே முதற்கண் செய்யத்தக்கது மின்சாரத்தை நிறுத்துதல். உலர்ந்த கையால் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, சார்ஜரை அகற்றுக. பின்னர்க் கணினியின் மின்விசையைச் சில நொடிகள் விடாது அழுத்தி அதனை அணைத்திடுக. பாட்டரி கழற்றத்தக்கதாயின் கழற்றுக. பிறகு கணினியை விரித்து, விசைப்பலகை கீழ்நோக்குமாறு கூடாரம்போல் துணியின்மேல் கவிழ்த்து வைத்தல் வேண்டும். ஈரத்தைத் தேய்க்காது ஒற்றியெடுத்தல் நன்று. கருவி கொதித்தாலும், புகைந்தாலும், பாட்டரி வீங்கினாலும் அதனைத் தொடாது விலகிப் பெரியோரை அழைத்தல் வேண்டும்.

அரிசியிற் புதைத்தால் ஈரம் நீங்கும் என்பர். அஃது உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சாது. தூசு உட்புகுதற்கே இடமாகும். அனற்காற்றுச் செலுத்துதலும் உறுப்புகளுக்குத் தீங்காகும். "இயங்குகிறதா பார்ப்போம்" என்று இடையிடையே மின்விசையை அழுத்துதல் எல்லாவற்றினும் பெருந்தவறு. இனிப்புக் கலந்த பானமாயின், பழுதுபார்ப்போர் கருவியைத் திறந்து தூய்மை செய்தபின்னரே இயக்குதல் தகும்.

பழுதுபார்ப்பவர் கருவியைத் திறந்து நோக்கி, "இதில் என்ன சிந்தியது? எப்பொழுது சிந்தியது?" என்று வினவினார். தமக்கை விழித்தாள். தம்பி கண்ணீருடன் முன்வந்து உண்மையை உரைத்தான். "நேற்றே சொல்லியிருந்தால் கருவியைக் காத்திருக்கலாம், மின்சுற்றுப் பலகை அரித்துவிட்டது. எனினும் செய்திகளைச் சேமிக்கும் உறுப்பு நலமாக உள்ளது" என்றார் அவர். கணினி மீளவில்லை, ஆய்வுரை மீண்டது. அன்றுமுதல் தமக்கை தன் எழுத்துகளின் படியொன்றை வேறிடத்தும் சேமித்து வைக்கலானாள்.

கை தவறுதல் எவர்க்கும் இயல்பு. அதனை மறைத்தலே தவற்றைப் பெரிதாக்குவது. சிந்திய தேநீர் கெடுத்ததினும், சொல்லாத சொல் கெடுத்ததே மிகுதி என்பதை நினைவிற் கொள்வோமாக.

வினாக்கள்

1. தேநீர் மின்சாரத்தைக் கடத்துவதற்குக் காரணம் யாது?
2. கணினியைக் கவிழ்த்து வைப்பதற்கு முன் செய்யத்தக்கவை யாவை?
3. தம்பி செய்த தவறுகளுள் பெரியது எது? ஏன்?