பேரேட்டில் இருக்கும் நாணயம் வங்கிக்கும் தெரிய வேண்டும்



நாணயம் என்ற சொல்லுக்கு நம் தொழிலில் இரண்டு பொருள் உண்டு. கல்லாவில் விழும் காசும் நாணயம். சொன்ன தேதியில் பாக்கியைக் கட்டுகிற குணமும் நாணயம். கையில் காசு இல்லாமல் கடை தொடங்கி முன்னுக்கு வந்தவர்கள் நம்மில் பலர். குணம் இல்லாமல் கடை நடத்தி நிலைத்தவரை நாம் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குணம் மண்டிக்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதாத காலம் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

நடந்தது என்ன?

கோவில்பட்டியை ஒட்டிய ஒரு கரிசல் கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இளம் தம்பதியர் நம் மண்டியில் நான்கு ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி எல்லாம் நம்மிடம்தான். திங்கட்கிழமை தோறும் கணக்கு முடிப்பார்கள். ஒரு வருஷம் மழை பொய்த்து, உளுந்தும் பாசியும் விளையாமல், ஊர்ப் பாக்கி அத்தனையும் நின்றுபோனது. அப்போதும் அந்தப் பெண் கம்மலை அடகு வைத்து நம் கணக்கைத் தீர்த்தார்.

கடைக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கி பால், தயிர் விற்கலாம் என்று, கணக்கு வைத்திருந்த வங்கியில் கிரெடிட் கார்டு கேட்டார்கள். கிடைக்காது என்று பதில் வந்தது. அந்த ஆத்திரத்தில் ஒரே மாதத்தில் வேறு மூன்று இடங்களில் விண்ணப்பித்தார்கள். அங்கும் அதே பதில். ஒரு நாள் மாலை இருவரும் மண்டிக்கு வந்தார்கள். "அண்ணாச்சி, நாலு வருஷத்துல உங்ககிட்ட ஒரு பைசா நிறுத்தினது இல்ல. நீங்க ஒரு லெட்டர் கொடுத்தா பேங்க்ல ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

கடிதம் எழுதிக் கொடுத்து நாமும் உடன் போனோம். மேலாளர் மரியாதையாகப் படித்துப் பார்த்தார். பிறகு, "இவர்கள் பெயரில் கொள்முதல் பில் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. நான்கு வருஷமும் துண்டுச் சீட்டுதான் கொடுத்திருந்தோம். நம் கணினியில் ரொக்க விற்பனை என்று போட்டோமே தவிர, அவர்கள் பெயரில் போடவில்லை. லட்சக்கணக்கில் சரக்கு எடுத்தவர்களுக்கு அதைக் காட்ட ஒரு காகிதம் இல்லை. அன்று தலைகுனிந்தது அவர்கள் அல்ல, நாம்தான்.

மதிப்பெண் என்பது என்ன?

நம் பேரேட்டைப் போலவே வங்கிகளுக்கும் ஒரு பொதுப் பேரேடு உண்டு. சிபில் நிறுவனம் 2000-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-ல் வந்தது. சிபிலுடன் எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தேதி எல்லாம் அதில் பதிவாகும். அதைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக நல்ல கணக்கு என்று எடுத்துக்கொள்ளும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் மண்டிக் கடன் அதில் ஏறாது. கைமாற்று ஏறாது. சீட்டுக் கட்டியது ஏறாது. தெருமுனை அடகுக் கடையில் நகையை வைத்து மீட்டதும் ஏறாது. அந்தப் பெண் கம்மலை வைத்துக் காப்பாற்றிய நாணயம் வங்கிக் கணினியின் கண்ணில் படவே இல்லை.

இருவரின் அறிக்கையையும் எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். 2017 முதல் இந்த உரிமை இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரில் ஒன்றுமே இல்லை. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் வரலாறு இல்லை என்ற குறி மட்டும் இருந்தது. தம்பியின் கதை வேறு. கல்யாணத்துக்கு முன் தவணையில் வாங்கிய செல்போனுக்குக் கடைசி இரண்டு தவணை நின்றிருந்தது. வங்கிக் கணக்கை மாற்றியபோது தானியங்கிப் பற்று நின்றுபோனதை அவர் கவனிக்கவில்லை. மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவான அந்தப் பாக்கி ஐந்து வருஷமாக அவர் பெயரில் கரும்புள்ளியாக நின்றது.

கணவன் மனைவி என்பதால் மதிப்பெண் ஒன்றாகிவிடாது. ஆளுக்கு ஒரு கணக்கு. இருவரும் சேர்ந்து வாங்கும் கடன் இருவர் கணக்கிலும் ஏறும். ஜாமீன் போட்ட கடனும் போட்டவர் கணக்கில் தெரியும். ஆகவே நண்பருக்குக் கையெழுத்துப் போடுமுன் யோசிக்க வேண்டும்.

செய்த காரியங்கள்

1. பழைய புண்ணை ஆற்றுதல். தம்பி அந்த நிதி நிறுவனத்துக்குப் பாக்கியை முழுதாகக் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கினார். "பாதி கட்டுங்கள், செட்டில்மென்ட் செய்துவிடலாம்" என்றுதான் முதலில் சொன்னார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாதி கட்டினால் அறிக்கையில் 'செட்டில்' என்று விழும். முழுதும் கட்டினால்தான் 'முடிந்த கணக்கு' என்று வரும். கட்டிய பிறகும் பதிவு மாறாவிட்டால் கடன் தகவல் நிறுவனத்திடம் புகார் தரலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதித்த உத்தரவு 2024 ஏப்ரல் முதல் நடப்பில் வந்தது. "ஐயாயிரம் கொடுங்கள், ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்" என்று தொலைபேசியில் பேசுபவர்களை நம்ப வேண்டாம்.

2. விண்ணப்பம் போடுவதை நிறுத்துதல். நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் ஒரே மாதத்தில் நான்கு இடத்தில் கடன் கேட்டால், பணமுடையில் அலைகிறார் என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஆறு மாதம் எங்கும் கேட்க வேண்டாம் என்று சொன்னோம்.

3. வைப்புத் தொகை மீது கார்டு. அந்தப் பெண் தம் சேமிப்பு 20,000 ரூபாயை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டார். அதன் பேரில் ஒரு கார்டு கிடைத்தது. வைப்பே ஈடாக இருப்பதால், வரலாறு இல்லாதவருக்கும் இதை வங்கிகள் தருகின்றன. கடை மின்கட்டணமும் செல்போன் கட்டணமும் மட்டும் அதில் கட்டினார். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடவில்லை. கெடு தேதிக்கு முன் முழுத் தொகையையும் கட்டினார்.

இந்த 'முழுத் தொகை' முக்கியம். சீட்டில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று சிறு தொகை போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் மீதிக்குப் பல கார்டுகளில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு மேல் ஓடும். அந்த வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. கார்டு என்பது நாற்பது நாள் தவணையில் எடுக்கும் சரக்கு மாதிரி. தேதிக்குள் கொடுத்தால் லாபம். தவறினால் முதலுக்கே மோசம்.

4. நகைக்கடனை இடம் மாற்றுதல். அவசரத்துக்கு நகை வைப்பது நம் பக்கத்தில் சகஜம். அதை வங்கியில் வைத்து உரிய காலத்தில் மீட்டால் அதுவும் நல்ல வரலாறாகப் பதிவாகும். வட்டியும் அடகுக் கடையை விடக் குறைவு.

5. வரவை வங்கி வழியே ஓடவிடுதல். க்யூஆர் அட்டையில் வரும் பணத்தோடு அன்றாட ரொக்கத்தையும் வாரம் இருமுறை கணக்கில் கட்டினார்கள். உத்யம் பதிவை இலவசமாகச் செய்துகொண்டார்கள்.

6. தவணைக்கு ஒரு கையிருப்பு. தவணைத் தேதிக்கு மழை பெய்ததும் தெரியாது, பொய்த்ததும் தெரியாது. கரிசல்காட்டு ஊர்களில் தை, மாசியில் வெள்ளாமை வீட்டுக்கு வந்தால்தான் பாக்கி வசூலாகும். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் வீடுகளில் வாரக் கூலி. ஆனால் வங்கித் தவணை மாதம் தவறாமல் வரும். ஆகவே இரண்டு தவணைப் பணம் கணக்கில் எப்போதும் தொடாமல் கிடக்க வேண்டும்.

தண்டலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்

இவ்வளவு பாடு எதற்கு, தண்டல்காரர் கடை வாசலிலேயே கொடுக்கிறாரே என்று சிலர் கேட்கலாம். 10,000 ரூபாய் தண்டலுக்குக் கையில் 9,000 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைவதால், சராசரியாக நம் கையில் நிற்பது அதில் பாதிதான். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்துக்கும் மேல். பலசரக்கில் அந்த லாபம் எங்கே இருக்கிறது? கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் எதிராக 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. சட்டம் காப்பாற்றும் நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

இதற்கு மாற்றாக முத்ரா திட்டம் 2015 ஏப்ரலில் வந்தது. அதில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கேட்கலாம். ஒழுங்காகக் கட்டினால் கிஷோர், தருண் என்று அடுத்த படிக்குப் போகலாம். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரைத் தள்ளக் கூடாது என்று 2025-ல் மத்திய நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. இதை அறிந்து பணிவாக எடுத்துச் சொன்னால் பலன் உண்டு.

நம் கடமை

வங்கி நம்பாத காலம் நம் முன்னோருக்கும் இருந்தது. அவர்கள் மகமை சேர்த்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். அதுதான் 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி. நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. தங்களுக்குள் இருந்த நாணயத்தை ஊரறியும் கணக்காக மாற்றியதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம்.

மொத்த வியாபாரிகளாகிய நாம் இன்று செய்ய வேண்டியது அதைவிட எளிது. சிறு கடைக்காரருக்கு அவர் பெயரிலேயே பில் போடுவோம். பணத்தைக் கூடிய மட்டும் வங்கி வழியே வாங்குவோம். வருஷ முடிவில் கணக்கு நகல் ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுப்போம். நம் மண்டியில் அந்த மாலைக்குப் பிறகு துண்டுச் சீட்டு கிடையாது.

பதினான்கு மாதம் ஓடிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரில் இப்போது நல்ல மதிப்பெண் இருக்கிறது. கடையையும் அவர் பெயருக்கு மாற்றி, நம் பில்களையும் வங்கிக் கணக்கையும் காட்டி சிசு கடன் 50,000 வாங்கினார்கள். பிரிட்ஜ் வந்துவிட்டது. தம்பியின் பழைய தழும்பு இன்னும் முழுதாக ஆறவில்லை. தவணை தவறிய மாதங்கள் அறிக்கையில் மூன்றாண்டு வரை தெரியும். அவர் அதற்காக வருத்தப்படுவதில்லை. "இனிமே கடையில அவதான் முதலாளி அண்ணாச்சி" என்று சிரிக்கிறார்.

சென்ற திங்கட்கிழமை அந்த அம்மா கணக்கு முடிக்க வந்தார். பணத்தை அனுப்பிவிட்டு, எதுவும் பேசாமல் கையை நீட்டினார். நாம் பில்லைக் கொடுத்தோம்.