பைன் விதையின் தந்தை

ஹோர்சன்ஸ்



"பசுங்கணிகம் தாய்வழிதானே வரும்? அதை வைத்துத் தந்தை மரத்தை எப்படிப் பிடிப்பது?" என்று கேட்டிருந்தாய். எனக்குக் கோபம் உன்மேல் இல்லை, பாடநூல்கள்மேல். நெல்லுக்குப் பொருந்துவதைப் பைனுக்கும் பொருத்திவிடுகிறார்கள். பைனில் பசுங்கணிகம் மகரந்தத்தோடு தந்தையிடமிருந்து வருகிறது, மைட்டோகாண்ட்ரியாதான் தாயுடையது. லோப்லாலி பைனில் இதை 1989-இலேயே காட்டிவிட்டார்கள்.

டென்மார்க்கில், நம் யூட்லாந்தில், இது வெறும் ஏட்டு விஷயம் அல்ல. டால்காஸ் என்பவர் முன்னின்று 1866-இல் தொடங்கிய சங்கம் தரிசு நிலத்தைக் காடாக்கியபோது, ஸ்புரூஸ் கன்றுகளுக்குத் துணையாக மலைப்பைனை ஏராளமாக நட்டார்கள். அதுவும் ஸ்காட்ஸ் பைனும் ஒன்றோடொன்று கலக்கக் கூடியவை. ஊசியிலையின் நிறத்தையும் மரத்தின் உயரத்தையும் பார்த்து "இது கலப்பு" என்று தீர்ப்பளிப்பவர்களை நம்பாதே. கடற்காற்றில் அடிபட்டால் சுத்தமான ஸ்காட்ஸ் பைனும் குட்டையாகத்தான் நிற்கும்.

தீர்ப்பை டிஎன்ஏவிடம்தான் கேட்க வேண்டும். ஜப்பானியக் கரும்பைனின் பசுங்கணிக டிஎன்ஏ, ஏறத்தாழ 1,20,000 எழுத்துகள், 1994-இல் முழுதாக வெளிவந்தது. அதை வைத்தே 1996-இல் பைன் குடும்பத்துக்கு 20 மைக்ரோசாட்டிலைட் (திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்) குறிப்பான்கள் உருவாயின. ஒரு மரத்தைப் படித்த பயன் அதன் உறவு மரங்களுக்கெல்லாம் கிடைத்தது! அந்தக் கட்டுரைகளை இப்போதும் எடுத்துப் படிப்பேன். 2000-இல் போலந்து ஆய்வாளர்கள் நமக்கு வேண்டிய இந்த இரண்டு பைன்களையே பிரித்துக் காட்டும் பசுங்கணிகக் குறிப்பானை வெளியிட்டார்கள். மலைப்பைன் கூம்பிலிருந்து எடுத்த விதையின் கருவில் ஸ்காட்ஸ் வகை தென்பட்டால், மகரந்தம் அந்த வழியில் வந்தது.

அதற்குமேல் பசுங்கணிகக் குறிப்பானிடம் கேட்காதே. கலப்பு மரம் ஒன்று தாயாகி, மலைப்பைன் மகரந்தத்தை ஏற்றால், அதன் பிள்ளையில் ஸ்காட்ஸ் பசுங்கணிகம் இருக்காது; பாட்டன் சுவடு ஒரே தலைமுறையில் அழிந்துபோகும். அந்தச் சுவடு உட்கருவில் மட்டுமே மிஞ்சும். ஆனால் பைனின் உட்கருவில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். மனிதனுக்கு 300 கோடிதான். பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருவதால், நாம் வடிவமைக்கும் பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒரே சமயத்தில் பல இடங்களில் ஒட்டிக்கொள்ளும். குறிப்பான் தேடுபவர்கள் பலவற்றைக் கழித்துத்தான் சிலவற்றைப் பெறுகிறார்கள். இந்த வேலையில் பொறுமையில்லாதவர் இறங்கக் கூடாது.

பைன் விதையே நமக்கு ஓர் உதவி செய்கிறது. கருவைச் சூழ்ந்த ஊட்டத் திசு ஒற்றைமடியம், அதாவது ஒரே தொகுதி மரபணுக்கள் கொண்டது. கருமுட்டையின் அதே மரபு. அதைத் தனியாகப் பிரித்துப் படி, பிறகு கருவைப் படி. கருவிலிருந்து தாயின் பங்கைக் கழித்தால் எஞ்சுவது தந்தையின் பங்கு. ஆகவே விதைகளை ஒன்றாகக் கொட்டி அரைத்துவிடாதே. ஒவ்வொரு தாய் மரத்தின் கூம்புக்கும் தனிப் பை, பையின்மேல் மரத்தின் எண். பென்சிலால் எழுது, மை ஈரத்தில் ஊறிப்போகும்.