சமையலறையில் பிளக் பாயிண்ட் எங்கே வைப்பது?

தண்ணீர், நெருப்பு, மின்சாரம். இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும் இடம் எது? நம் வீட்டுச் சமையலறைதான். அதனால் அங்கே பிளக் பாயிண்ட் வைக்கும்போது யோசித்து வைக்க வேண்டும். எப்படி யோசிப்பது? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கமலாம்மாவின் சமையலறை

கர்நாடகத்தில் கோலார் தங்க வயல் இருக்கிறது. கே.ஜி.எஃப். என்றும் சொல்வார்கள். சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே இங்கே வந்துவிட்டது. தங்கச் சுரங்கத்துக்காக வந்த மின்சாரம் அது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அந்தச் சுரங்கத்தில் உழைத்தன. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் விடிகாலையில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

கமலாம்மாவின் மகள் தேவியும் அப்படித்தான் போகிறாள். அவளுக்குத் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். அம்மாவின் சமையலறையைப் புதிதாகக் கட்ட ஏற்பாடு செய்தாள்.

பழைய சமையலறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது. அதுவும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் மேலே இருந்தது. ஒரு நாள் கமலாம்மா ஈரக் கையோடு மிக்சியின் பிளக்கைப் பிடுங்கினார். சுரீர் என்று ஷாக் அடித்தது. நல்ல வேளையாகக் கை விலகிவிட்டது. அன்று முதல் மிக்சியைத் தொடவே அவருக்குப் பயம்.

தேவி ஒரு கடையில் கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள். ஒரு பக்கம் பச்சை வண்ணம் பூசிய கண்ணாடி அது. அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒட்டுவார்கள். எண்ணெய் தெறித்தால் துணியால் துடைத்தால் போதும். டைல்ஸ் போல இடுக்கு கிடையாது. அழுக்கு தங்காது. தேவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. மேடை முழுவதற்கும் கண்ணாடி வேண்டும் என்று சொல்லி முன்பணம் கொடுத்தாள்.

வயர்மேன் கேட்ட கேள்வி

மறுநாள் வயர்மேன் பாண்டியன் வந்தார். அரசாங்க உரிமம் பெற்றவர்.

"கண்ணாடியில பிளக் பாயிண்டுக்கு ஓட்டை எங்கேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க அண்ணே. ஒட்டின பிறகு நீங்க டிரில் போட்டுக்கலாமே?" என்றாள் தேவி.

"போட முடியாதும்மா. அடுப்புக்குப் பின்னால சாதாரணக் கண்ணாடி வைச்சா சூட்டுல விரிசல் விடும். அதனால பதப்படுத்தின கண்ணாடி வைப்பாங்க. அதை 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, சட்டுன்னு காத்தடிச்சுக் குளிர வைப்பாங்க. அதுக்குப் பிறகு அதை வெட்டவும் முடியாது, ஓட்டை போடவும் முடியாது. டிரில் பட்டா முழுக் கண்ணாடியும் பொடிப் பொடியா உதிர்ந்துடும்."

தேவிக்குப் பகீர் என்றது. ஆறு மாதச் சேமிப்பு ஆயிற்றே! உடனே கடைக்குப் போன் செய்தாள். கண்ணாடி இன்னும் சூளைக்குப் போகவில்லை. கடைக்காரர் இரண்டு நாள் தவணை கொடுத்தார்.

"முதல்ல பிளக் பாயிண்ட். பிறகுதான் கண்ணாடி. வாங்க, குறிச்சிடலாம்" என்றார் பாண்டியன்.

சுவரில் சாக்பீஸ் கோடு

"அம்மா, சமைக்கிறது நீங்க. எந்தச் சாமான் எங்கே இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் பாண்டியன்.

கமலாம்மா காட்டினார். பாண்டியன் சாக்பீஸால் குறித்தார். குறிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார்.

தொட்டியிலிருந்து குறைந்தது ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் தெறிக்கக் கூடாது.

அடுப்புக்கு நேர் பின்னால் வைக்கக் கூடாது. பக்கத்திலும் ஒரு முழம் தள்ளியே வைக்க வேண்டும். எரியும் அடுப்புக்கு மேலே கை நீட்டினால் சேலை பற்றிக்கொள்ளும். ஒயரும் உருகும்.

மேடைக்கு மேலே ஒரு சாண் உயரம் வேண்டும். மேடையைக் கழுவும்போது தண்ணீர் பிளக்குக்குள் போகக் கூடாது.

சிலிண்டர் பக்கத்தில் தரையோரம் வைக்கவே கூடாது. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். சுவிட்சில் வரும் சிறு பொறி போதும், தீப்பிடித்துவிடும்.

எந்தச் சாமானுக்கு எந்தப் பிளக்?

"அம்மா, உங்க மின் அடுப்புக்கு அடியில ஒரு எண் எழுதியிருக்கும். படிங்க" என்றார் பாண்டியன்.

கமலாம்மா அடுப்பைத் திருப்பினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "1800 வாட்" என்றார். பிறகு மிக்சியையும் திருப்பினார். "இது 750 வாட்."

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். பிளக் பாயிண்ட் இரண்டு வகை. சிறியது 6 ஆம்பியர். பெரியது 16 ஆம்பியர். அது எத்தனை வாட் தாங்கும் என்று நாமே கணக்குப் போடலாம்.

சிறிய பிளக்: 230 × 6 = 1380 வாட்
பெரிய பிளக்: 230 × 16 = 3680 வாட்

மிக்சி 750 வாட். சிறிய பிளக் போதும். மின் அடுப்பு 1800 வாட். சிறிய பிளக் தாங்காது. பிளக் கருகிவிடும். அதற்குப் பெரிய பிளக்தான் வேண்டும். அதற்கு உள்ளே போகும் வயரும் தடிமனாக இருக்க வேண்டும். குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுவார்கள்.

ஒரே பிளக்கில் மல்டி பிளக் சொருகி எல்லாவற்றையும் ஓட்டக் கூடாது.

மூன்றாவது ஓட்டை எதற்கு?

பிளக் பாயிண்டில் மேலே ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அதுதான் எர்த். மிக்சிக்குள்ளோ கிரைண்டருக்குள்ளோ மின்சாரம் கசிந்தால், எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விடும். நம் உடம்பு தப்பிக்கும். சிலர் எர்த் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். சிலர் வயரின் முனையைச் சீவி, தீக்குச்சி வைத்துச் சொருகுகிறார்கள். இரண்டும் உயிருக்கு ஆபத்து.

மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கருவி என்று கேட்டு வாங்க வேண்டும். மின்சாரம் மனித உடம்பு வழியாகக் கசிந்தால், அது கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். எம்.சி.பி. வேறு, இது வேறு. எம்.சி.பி. வயரைக் காக்கும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கண்ணாடிக்கு என்ன செய்தார்கள்?

கமலாம்மா ஒரு யோசனை சொன்னார். "அடுப்புக்குப் பின்னால்தான் எண்ணெய் தெறிக்குது. அங்கே பிளக் வைக்கக் கூடாதுன்னு நீங்களே சொன்னீங்க. அங்கே மட்டும் கண்ணாடி வைப்போம். பிளக் இருக்கிற இடத்துல டைல்ஸ் ஒட்டுவோம்."

பாண்டியன் சிரித்தார். "சரியாச் சொன்னீங்கம்மா. ஓட்டையே வேண்டாம். செலவும் குறையும்" என்றார்.

அப்படியே செய்தார்கள். மூன்றடிக் கண்ணாடி போதுமானதாக இருந்தது. மிச்சப் பணத்தில் தேவி ஆர்.சி.சி.பி. வாங்கினாள்.

சுவர் முழுவதும் கண்ணாடி வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்கள் இந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்.

1. சுவரை உடைத்து வயரும் பெட்டியும் பதிக்க வேண்டும்.
2. பூச்சு வேலையை முடிக்க வேண்டும்.
3. பதித்த பெட்டியை அளந்து, ஓட்டையின் இடத்தைக் கண்ணாடிக்காரரிடம் கொடுக்க வேண்டும்.
4. ஓட்டை வெட்டிய பிறகே கண்ணாடியைப் பதப்படுத்த வேண்டும்.
5. கண்ணாடி ஒட்டிய பின் பிளக் மூடியை மாட்ட வேண்டும். திருகை மிகவும் இறுக்கக் கூடாது. கண்ணாடி உடையும்.

இன்னொன்று: கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீர் வழிந்து கீழே இறங்கும். அதனால் பிளக் மூடியின் மேல் ஓரத்தைச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும்.

நினைவில் வையுங்கள்

• ஈரக் கையால் சுவிட்சையோ பிளக்கையோ தொடாதீர்கள்.
• முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள்.
• யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். 108-ஐ அழையுங்கள்.
• கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வெளியே வாருங்கள். 1906-ஐ அழையுங்கள்.

பயிற்சி

1. பதப்படுத்திய கண்ணாடியில் ஏன் ஓட்டை போட முடியாது?
2. ஒரு மின் கெட்டில் 1500 வாட். அதற்கு எந்தப் பிளக் வேண்டும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.
3. உங்கள் வீட்டு மிக்சியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது? படித்து எழுதுங்கள்: ........ வாட்.
4. உங்கள் சமையலறையின் படத்தை வரையுங்கள். தொட்டி, அடுப்பு, சிலிண்டர், பிளக் பாயிண்ட் நான்கையும் குறியுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று குழுவில் பேசுங்கள்.