ஒட்டும் காயும் ஓடும் பல்லியும்

கேள்வி: வெல்க்ரோவை விண்வெளி வீரர்களுக்காக நாசா கண்டுபிடித்தது என்கிறான் என் மகன். சரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லவே இல்லை. வெல்க்ரோவுக்குக் காப்புரிமை கிடைத்தது 1955-ல். நாசா பிறந்ததே 1958-ல்! எடையற்ற நிலையில் பொருட்கள் மிதந்து போகாமலிருக்க அப்பல்லோ பயணங்களில் அதை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். உலகமே அதைப் பார்த்தது; பெருமையும் நாசா மேல் போய் ஒட்டிக்கொண்டது.

உண்மையான சொந்தக்காரர் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால். 1941-ல் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது அவருடைய உடையிலும் நாயின் ரோமத்திலும் பர்டாக் செடியின் காய்கள் அப்பிக் கிடந்தன. வேறு யாராவது என்றால் திட்டிக்கொண்டே பிய்த்து எறிந்திருப்பார்கள். அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முள்ளின் நுனியும் கொக்கியாக வளைந்திருந்தது. ரோமத்திலும் துணி இழையிலும் மாட்டிக்கொண்டு வேறிடம் போய் முளைக்க, காசு செலவில்லாமல் அந்த விதை கண்டுபிடித்த வழி அது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஒரு பட்டையில் கொக்கி, இன்னொன்றில் அது மாட்டிக்கொள்ள வளையம் என்று அதையே செய்து பார்த்தார். பஞ்சு நூலில் செய்த பட்டை சீக்கிரம் தேய்ந்துபோனது. நைலானுக்கு மாறினார். அகச்சிவப்பு வெப்பம் பட்டதும் நைலான் வளையங்கள் விறைத்து நின்றன. சரி, கொக்கிக்கு எங்கே போவது? அதே வளையத்தை உச்சியில் வெட்டாமல் சற்று ஓரமாக வெட்டினார். கொக்கி தானாக வந்துவிட்டது!

இதைப் பார்க்க ஆல்ப்ஸ் வரை போக வேண்டாம். குளக்கரையில் மருளூமத்தைக் காய் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அதே வளைந்த நுனி. பர்டாக்கும் இதுவும் சூரியகாந்திக் குடும்பம்தான். வேட்டியில் ஏறும் நாயுருவிக்குக் கொக்கி கிடையாது. கூரிய முனையால் குத்திக்கொண்டு வருகிறது. இரண்டையும் களை என்று பிடுங்கிப் போடுகிறோம். இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காத கோரிக்கை இது: பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூதக்கண்ணாடி கொடுங்கள்.

கேள்வி: மரங்கொத்தியின் மண்டையைப் பார்த்து ஹெல்மெட் செய்யலாமாமே?
– வாசகர், மதுரை

பதில்: செய்தால் போட்டுக்கொள்ளாதீர்கள். அலகுக்கும் மூளைக்கும் நடுவே பஞ்சு போன்ற எலும்பு இருக்கிறது, அது அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது என்று பல காலமாகப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2022-ல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க் குழுவினர் மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் படமெடுத்தார்கள். அலகும் மண்டையும் ஒரே கட்டையாகத்தான் மோதுகின்றன. உறிஞ்சல் எதுவும் இல்லை.

இதற்குக் கேமராகூட வேண்டாம். அதிர்ச்சியைத் தலையே விழுங்கிவிட்டால் மரத்தில் துளை எப்படி விழும்? சுத்தியலுக்கு மெத்தை கட்டிவிட்டு ஆணி அடிக்கிற கதைதான். மரங்கொத்தி தப்பிப்பது மூளை சிறியதாக இருப்பதால். நம் மூளை அதைவிடப் பல மடங்கு பெரிது. அந்த அடியைத் தாங்காது. ஓர் உயிரைப் பார்த்துப் பொருள் செய்ய நினைப்பவர்கள், அந்த உயிர் நிஜத்தில் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். டி மெஸ்ட்ரால் அதைத்தான் செய்தார்.

கேள்வி: பல்லி கூரையில் தலைகீழாக ஓடுகிறதே, காலில் பசை இருக்கிறதா?
– மாணவி, நாகர்கோவில்

பதில்: பசையும் இல்லை, உறிஞ்சு குமிழும் இல்லை. டோக்கே என்ற பெரிய பல்லி இனத்தின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் நுண்ணிழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இழையின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அமெரிக்க ஆய்வாளர் கெல்லர் ஆட்டம் குழுவினர் 2000-ல் ஒற்றை இழையின் பிடியை அளந்தார்கள். மிக நெருங்கிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் வான் டெர் வால்ஸ் விசைதான் காரணம் என்று 2002-ல் உறுதிசெய்தார்கள். ஒட்டுவதைவிட விடுவது பெரிய வித்தை: இழையின் கோணத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், கழன்றுவிடும். இதே முறையில் கைப்பட்டைகள் செய்து, 2014-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 70 கிலோ மனிதர் ஒருவர் செங்குத்தான கண்ணாடிச் சுவரில் ஏறிக் காட்டினார்.

கேள்வி: அவ்வளவு பிடிப்புள்ள பல்லி நேற்று என் இடது தோளில் விழுந்துவிட்டது. பலன் என்ன?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: பலன் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. பரிகாரத்துக்கு வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. விழுந்த காரணம்தான் எனக்கு வேண்டும். சுவர் ஈரமாக இருந்ததா? நனைந்த கண்ணாடியில் டோக்கே பல்லியின் பிடி வெகுவாகக் குறைகிறது என்பது சோதனையில் தெரிந்த விஷயம். அடுத்த முறை பல்லி ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வந்து நிற்கும்போது உள்ளேயிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விரல்களின் அடியில் குறுக்கு மடிப்புகள் வரிசையாகத் தெரியும். அந்த நுண்ணிழைகள் இருப்பது அங்கேதான். ஒரு விரலில் எத்தனை மடிப்பு என்று எண்ணி எழுதுங்கள்.