நாயிடம் அல்ல, அவரிடம் பேசுங்கள்

லண்டனில் உங்கள் பேருந்திலோ கடையிலோ, முதுகில் விறைப்பான கைப்பிடியுள்ள வாருடன் ஒரு லாப்ரடார் ஏறி வந்தால், அது பார்வையற்ற ஒருவருக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிறது. தடவாதீர்கள், கூப்பிடாதீர்கள், கண்ணைப் பார்த்துக் கொஞ்சவும் வேண்டாம். அதன் கவனம் சிதறினால் கம்பத்தில் இடிபடுவது அவருடைய தோள்தான்.

தீனி விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். பல லாப்ரடார்களுக்குப் பசி அடங்காது. அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மற்ற லாப்ரடார்களைவிட, உதவி நாய்களாகப் பழக்கப்பட்டவற்றில் அது மிக அதிகம். தின்பண்டத்துக்கு மயங்கும் நாயைப் பழக்குவது எளிது என்பதாலோ என்னவோ. பரிதாபப்பட்டு நீங்கள் போடும் ஒரு துண்டு மட்டன் ரோல், நடக்கும்போதெல்லாம் தரையை மோப்பம் பிடிக்கும் பழக்கத்தை அதற்குக் கொடுத்துவிடும்.

நாய்தான் அவரைக் கூட்டிப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருக்கிறது. நாய் தடைகளைச் சுற்றிக்கொண்டு போகும், படியிலும் நடைபாதை விளிம்பிலும் நிற்கும். சிக்னல் நிறம் பார்த்து அது கடப்பதில்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டு அவரே முடிவெடுக்கிறார். அவர் போகச் சொன்னாலும் எதிரே வண்டி வந்தால் நாய் மறுத்து நின்றுவிடும். அதனால் கார் ஓட்டுபவர்கள் ஹார்ன் அடித்து "போங்க, போங்க" என்று அவசரப்படுத்தக் கூடாது.

உதவ நினைத்தால் முதலில் கேளுங்கள். நாய் பெரும்பாலும் இடப்பக்கம் நடக்கும், எனவே வலப்பக்கமாகப் போய்ப் பேசுங்கள். வேண்டுமென்றால் அவரே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். வாரைப் பிடித்து இழுப்பது, ஓடும் காரில் பக்கத்து இருக்கைக்காரர் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குச் சமம்.

கடையும் டாக்சியும் நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. "சாப்பாட்டுக் கடை, நாய் கூடாது" என்று திருப்பி அனுப்பினால், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி வழக்கு வரலாம். டாக்சியில் ஏற்ற மறுப்பது குற்றமே. அபராதம் 1,000 பவுண்டு வரை போகும். நாய்க்கென்று தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது. ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணம் உள்ள ஓட்டுநர், டாக்சி உரிமம் வழங்கும் அமைப்பிடம் முன்கூட்டியே விலக்குச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

நாய் என்றாலே நடுங்குகிற பயணிகள் கூச்சப்படாமல் நாயுடன் வருபவரிடம் சொல்லுங்கள். நாயைத் தன் மறுபக்கம் படுக்கவைத்துக்கொள்வார்.